அக்காவின் சுவரொட்டி

முன்னறையிலிருந்து மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அப்பாத்துரை அத்தான் சுவரொட்டியின் மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"மாப்ளே, 'என் இதயக் கோயிலின் அணையா விளக்கே'ன்னு எழுதிருக்க பாரு, அப்படியே உருகிட்டேன்லே!"

உள்ளறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான் இசக்கிமுருகன். வண்ணார்பேட்டையில் பதினெட்டு வருடமாகக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி எழுதி அச்சடித்துக் கொடுப்பவன் அவன். அந்த அணையா விளக்கு, போன மாதம் ஒரு நகைக்கடைக்காரரின் தாயாருக்கும் எரிந்தது. அதற்கு முன் ஒரு பஸ் டிரைவருக்கும் எரிந்தது. பெயரை மாற்றினால் போதும், தெருவே அழும். இப்போது அதே எச்சில் விளக்கைச் சொந்த அக்கா பேச்சித்தாயின் முதலாண்டு நினைவுக்கும் ஏற்றி வைத்திருக்கிறான்.

ஏழு மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள் அந்த மகராசி. "எல்லாம் வாய்வு, சுக்கைத் தட்டிக் குடி" என்ற மனிதர்தான் இன்று விளக்குக்கு உருகுகிறார்!

இசக்கிமுருகன் அந்தத் தாளின் இன்னொரு பிரதியை எடுத்தான். சிவப்புப் பேனாவைத் திறந்தான். தான் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட அவன் அதுவரை அடித்ததில்லை. கோயில் போயிற்று. விளக்கு போயிற்று. பெயரும் தேதியும்தான் மிஞ்சின. அதன் கீழே எழுதினான்: "ஏழு மாதம் வலித்தது. புருஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை."

படித்தான். நெஞ்சு குளிர்ந்தது. மறுபடி படித்தான், நாற்றமடித்தது. அக்கா வாக்கப்பட்ட அம்பாசமுத்திரம் என்ன சீமையிலா இருக்கிறது? வந்து பார்க்கச் சொல்லி அவள் போன் பண்ணும்போதெல்லாம், "பங்குனி உத்திரம் முடியட்டும்க்கா, போஸ்டர் வேல குவிஞ்சு கெடக்கு" என்று சொன்ன பாவி யார்? 'புருஷன்' என்பதை அடித்துவிட்டு, 'நாங்கள்' என்று எழுதினான்.

கொண்டுபோய் நீட்டினான். அத்தானின் கண்ணீர் போன இடம் தெரியவில்லை.

"ஏலே, கிறுக்கு புடிச்சிட்டா? எம் மானத்தச் செவத்துல ஒட்டவா வந்தேன்?"

"எம் மானமுந்தான் அதுல இருக்கு அத்தான்."

"அந்த வெளக்கயே அடிச்சுக் குடுலே!"

"எங்கிட்ட இனி அது கெடையாது. வேற கடையில குடுங்க."

"ஒங்க அக்கா ஆவி ஒன்னச் சும்மா விடாது, பாத்துக்க."

"விடாட்டி நல்லதுதான்."

விளக்குத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வாசற்படியில் காறித் துப்பிவிட்டு இறங்கினார் அப்பாத்துரை. இசக்கிமுருகன் கதவைச் சாத்தினான்.