மான்கொம்புப் பிடி வைத்த கத்தி

என்னை யாரும் அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியாது. எவர்சில்வர் என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினால், நகத்தால் ஒரு சுண்டு சுண்டியே அது என்ன சரக்கு என்று சொல்லிவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இன்றைக்குக் கணபதி என்கிற எங்கள் ஊரில் என் பெயர்ப்பலகை மாட்டிய மெருகுப் பட்டறையில் பதினாறு மோட்டார் ஓடுகிறது. இஞ்சினியரிங் படித்த பிள்ளைகள் வந்து, இந்தப் பாகத்துக்கு எந்தச் சக்கரம் போடலாம் அக்கா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார்கள். மெருகு போட்ட ஒரு பொருளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் போதும், எமரிச் சக்கரம் தேய்த்த கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, என் பட்டறையில் யார் கை பட்டது என்று ஆளைச் சொல்லிவிடுவேன். இதையெல்லாம் யாரும் எனக்குப் புத்தகத்தில் எழுதித் தரவில்லை. எதையும் எவரையும் சந்தேகப்பட்டே கற்றுக்கொண்டேன்.

அந்தப் புத்தி எனக்குப் பத்து வயதிலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பெரிய காரியமும் செய்தேன்.

அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவின் பட்டறையில் ஒரே மோட்டார். அதன் ஒரு முனையில் தேய்த்து உரிக்கிற எமரிச் சக்கரம், மறு முனையில் பளபளப்பு ஏற்றுகிற துணிச் சக்கரம். பட்டறைக்குப் பின்னால் எங்கள் வீடு. மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அந்த அறையில் பெரியப்பா இருந்தார். அப்பாவின் அண்ணன். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பதிலாகத்தான் கத்தி சேர்க்கிறார் என்று அம்மா சொல்வாள்.

பதினேழு கத்திகள். பச்சை டிரங்குப் பெட்டிக்குள், ஒவ்வொன்றும் தனித்தனியாக வெள்ளைத் துணியில் சுற்றியிருக்கும். துப்பாக்கி முனையில் மாட்டுகிற ஈட்டிக் கத்தி, வளைந்த கூர்க்காக் கத்தி, பர்மாச் சண்டைக்குப் போய் வந்தது என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வைத்திருந்தது ஒரு வேட்டைக் கத்தியை. மான்கொம்புப் பிடி. வால்பாறை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் இடுப்பில் தொங்கியதாம். அது எப்படியோ கை மாறிக் கை மாறி, பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு மாட்டுத் தரகரிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர் அதை வைத்து மூக்கணாங்கயிறு அறுத்துக்கொண்டிருந்தாராம். பெரியப்பா அந்த இடத்திலேயே தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அது சரியாகப் படவில்லை.

"இத்தன கத்தி வெச்சிருக்காரே உங்கண்ணன், ஒரு நாளைக்கு ஒரு வெங்காயம் அரிஞ்சு பாத்திருக்கறீங்களா?" என்பாள் அம்மா.

"அதெல்லாம் அரியறதுக்கு இல்ல அம்மணி."

"பின்ன எதுக்குங்க? அதையுஞ் சொல்லிப்போடுங்க. ராத்திரி நிம்மதியாத் தூங்கறேன்."

அப்பா வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அண்ணனை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்.

நான் என் பங்குக்குக் கவனித்துக்கொண்டிருந்தேன். சாணை பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். எனக்குத் தெரிந்தவரையில் கத்தி என்று ஒன்று இருந்தால் அதைத் தீட்டுவார்கள், கழுவுவார்கள், பளபளவென்று வைப்பார்கள். பெரியப்பா தீட்டமாட்டார். தண்ணீர் காட்டமாட்டார். விரல் படாமல் துணியோடு பிடித்து ஏதோ எண்ணெய் தடவுவார். மோந்து பார்ப்பார். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் சுற்றி உள்ளே வைத்துவிடுவார். பெட்டியைப் பூட்டியபின் மூடி இடுக்கில் ஒரு வெள்ளை நூலை வேறு செருகி வைப்பார், யாராவது திறந்தால் தெரிந்துவிட வேண்டும் என்று. ஒளிக்கிறதற்கு ஒன்றும் இல்லாதவர் எதற்கு நூல் வைக்க வேண்டும்?

அதுவும் அந்த வேட்டைக் கத்தி. அதன் அலகு முழுவதும் கறுத்திருந்தது. பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் கறுப்பும் சிவப்புமாக ஒரு திட்டு. ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"இது என்னங்க பெரீப்பா?"

"அது நூறு வருசங் கண்ணு. தொடப்படாது."

திட்டைக் காட்டிக் கேட்டால் வருசக் கணக்கைச் சொல்கிறார். பேச்சை மாற்றுகிறார் என்று உடனே பிடித்துக்கொண்டேன்.

பட்டறையில் வேலைக்கு இருந்த அண்ணனிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் ஒரு குறும்புக்காரர். மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஏனம்மணி, கத்தியக் கழுவாம பூட்டி வெக்கறவன் ஊருல ஆரு? கழுவுனாலும் போகாத கற ஒண்ணே ஒண்ணுதான். உங்க பெரீப்பன் பட்டாளத்துல லாரி மட்டுந்தான் ஓட்டுனாருன்னு நெனச்சயாக்கும்?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் பெரியப்பா எனக்கு ரொம்ப வேண்டியவர். எனக்கு இடது கைப் பழக்கம். சோற்றை எடுத்தாலும் பென்சிலை எடுத்தாலும் அம்மா அந்தக் கையில் ஒரு அடி வைப்பாள். "உடு அம்மணி, பட்டாளத்துல பீச்சாங்கையில குறி வெச்சவனுகதான் தப்பாமச் சுட்டானுக" என்று எனக்காகப் பேசியது அவர் ஒருவர்தான். அவர் கொலைகாரராகவே இருந்தாலும் எனக்கு வேண்டும்.

அந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை, பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடி வந்திருந்த போலீஸ்காரர், ஸ்டவ் மெருகு போட வந்தவர், போகிறபோக்கில் அப்பாவிடம் கேட்டார்: "ஏனுங்க, உங்க மாடியில கத்தி நெறைய இருக்குதாமா? தெருவுல பேசிக்கறாங்க."

"எங்கண்ணனுதுங்க. பழைய சாமானுங்க, சும்மா சேத்தறாருங்க."

"சேத்தட்டுமுங்க. ஞாயித்துக்கெழம லீவு. வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போறனுங்க."

அவ்வளவுதான். அன்று முழுவதும் அம்மா அரற்றினாள். ஒன்று அந்தப் பெட்டி இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் இருக்க வேண்டும் என்றாள். பெரியப்பா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் வேணுமுன்னாப் போயிர்றனுங் தம்பி" என்று அண்ணன் தம்பிக்கு 'ங்' போட்டுச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். கோபம் வந்தால்தான் அவருக்கு மரியாதை கூடும். "நீங்க எங்கீமு போகவேண்டாமுங்ணா" என்று அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போலீஸ்காரர் வருவார். பெட்டி திறக்கும். கறையைப் பார்ப்பார். பெரியப்பாவைக் கொண்டுபோய்விடுவார். இதைத் தடுக்க அந்த வீட்டில் வழி தெரிந்தவள் நான் ஒருத்தி. ஸ்டவ்வில் இருபது வருடக் கரியையே காணாமல் அடிக்கிற சக்கரம் எங்கள் வீட்டு முன்னால் இருக்கிறது.

மறுநாள் வியாழன், பள்ளிக்கூடம் லீவு. பெரியப்பா வழக்கம்போலப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் பஸ் ஏறினார். பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும் வாங்க அப்பா டவுனுக்குப் போனார். வேலைக்கார அண்ணன் வாழைக்கன்று வெட்டப் போனார். அம்மா தெருமுனைக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சாவி காலண்டருக்குப் பின்னால் இருப்பது எனக்கு எப்போதோ தெரியும். நூலை மெதுவாக எடுத்துப் பாவாடையில் ஒட்டிக்கொண்டேன், திரும்ப வைக்க வேண்டுமே. அந்த வயதிலேயே எனக்கு அத்தனை சாமர்த்தியம்.

சும்மா சொல்லக்கூடாது, பயமில்லாமல் செய்தேன். வேட்டைக் கத்தியோடு பட்டறைக்கு இறங்கி, மோட்டாரைப் போட்டு, எமரிச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறி நின்றேன். கரண்டிக்கும் குழாய்க்கும் துணிச் சக்கரம் பிடித்த கைதான், எமரிக்கு அன்றுதான் முதல் தடவை. அலகு பட்டதும் பொறி பூப்பூவாக வெடித்தது. எவர்சில்வரில் அப்படி வெடிக்காது. நல்ல இரும்பு என்று அப்போதே தெரிந்தது. கறுப்பு உரிந்தது. அந்தத் திட்டு மட்டும் லேசில் போகவில்லை. அழுத்திப் பிடித்தேன். பிடிக்குக் கீழே ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பரும் வெட்டியிருந்தது. அதன் பள்ளத்திலும் கறுப்பு இருந்ததால் அதையும் விடவில்லை. பிறகு துணிச் சக்கரத்தில் மெருகுச் சோப்பு தடவி ஏற்றினேன். முடித்துப் பார்த்தால் அதில் என் முகம் தெரிந்தது. பல் இடுக்குக்கூடத் தெரிந்தது. துணியில் சுற்றி, பெட்டியைப் பூட்டி, நூலைச் செருகிவிட்டு வந்து ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பூஜை நடந்தது. சுத்தியல், ஸ்பேனர், மோட்டார், அப்பாவின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பெரியப்பா பெட்டிக்கு மேலேயே ஒரு பொட்டு வைத்துவிட்டுத் திறக்காமல் கும்பிட்டார். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ்காரர் லுங்கியோடு வந்தார். எல்லாரும் மாடி ஏறினோம். பெரியப்பா முதலில் நூலைப் பார்த்தார். இருந்தது. திருப்தியாகப் பூட்டைத் திறந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, இது இன்ன சண்டை, இது இன்ன பட்டாளம் என்று சொல்லச் சொல்ல, போலீஸ்காரர் வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியாகத் துரையின் கத்தி.

துணி விலகியதும் தகரக் கூரையில் ஒரு வெளிச்சம் ஓடியது.

பெரியப்பா துணியை முழுக்க விலக்கினார். போலீஸ்காரர் குனிந்தார். இதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் போலீஸ் முகமாக மாறியது.

"ஏனுங்க, மத்ததெல்லாம் கறுத்துக் கெடக்குது. இத ஒண்ண மட்டும் எதுக்குங்க கழுவுனீங்க? நான் வாரன்னு சொன்னதுக்கப்பறம் கழுவுனதுங்களா?"

பெரியப்பா கத்தியைக் கையில் எடுத்தார். பிடிக்குக் கீழே எழுத்து இருந்த இடத்தை விரலால் தடவினார். வழுவழுவென்று இருந்தது. அவர் தலை மெதுவாகத் திரும்பியது. அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சத்தியமாத் தெரியாதுங்க" என்றாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

அப்பா கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். அலகை ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு ஒரே ஒரு நொடி என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நகத்தில் மெருகுச் சோப்பு இருக்குமே என்று இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நாந்தானுங்க" என்றார் அப்பா. "பூசைக்கு ஒண்ணாச்சும் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு மெருகு போட்டேனுங்க."

போலீஸ்காரருக்கு நொடியில் முகம் தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன்! எங்க ஸ்டேசன்லயும் துப்பாக்கிக்கெல்லாம் எண்ணெ போட்டுத் தொடச்சுச் சந்தனம் வெச்சோமுங்க" என்று எழுந்தார். போகும்போது, "இருக்கறதுலயே இதுதானுங்க பாக்கறாப்பல இருக்குது" என்று என் வேலையைப் பாராட்டிவிட்டு வேறு போனார்.

படியில் அவர் செருப்புச் சத்தம் ஓயும்வரை பெரியப்பா காத்திருந்தார்.

"இதத் தேச்சா அந்த நூறு வருசமும் அதோட போயிருமுன்னு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியுமுங்ணா."

"தெரிஞ்சுமா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சுதானுங்ணா" என்றார்.

பெரியப்பா பதினாறு கத்திகளைச் சுற்றி வைத்தார். பதினேழாவதை அப்பா கையிலேயே விட்டுவிட்டார். அன்று மத்தியானமே டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் போய்விட்டார். அங்கே பட்டாளத்துக் கூட்டாளி ஒருவரின் தென்னந்தோப்பு இருந்தது. போகும்போது என் தலையில் மட்டும் கை வைத்தார். ஆபத்து தீர்ந்தது, இனி பிடிபடமாட்டார், அதனால்தான் போகிறார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதற்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் அப்பா ஒரு பை நிறைய பண்டம் எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவு பஸ் ஏறுவார். சாயங்காலம் அதே பையோடு, அதே கனத்தோடு திரும்பி வருவார்.

அந்தக் கத்தி இன்றைக்கும் என் ஆபீஸ் மேஜை மேல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் யார் மெருகு என்று கேட்கிறார்கள். அப்பா மெருகு என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நானே தனியாகச் செய்து முடித்த முதல் வேலை. போலீஸ்காரரே பாராட்டிய வேலை. பாராட்டு கிடைக்கும் என்று தெரிந்ததும், கூசாமல் நாந்தான் என்று சொல்லிவிட்டாரே இந்த மனுசன் என்று பொருமினேன். மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. நான்காம் நாள் பட்டறைக்குள் போனால், துணிச் சக்கரத்துக்கு வலது பக்கம் கிடந்த என் மரப்பெட்டியை அப்பா இடது பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார். இடது கைக்கு வாட்டமாக, அசையாமல் நிற்க அடியில் ஆப்பு வைத்து. ஏறி நில்லு என்றார். என் வேலையைத் திருடிக்கொண்டு, அதை நான் வெளியே சொல்லிவிடக்கூடாது என்று எனக்கு லஞ்சம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டே ஏறி நின்றேன்.