ததேயுஸ் விட்ட மாத்திரை

அப்பாவை நினைத்தால் ரெஜிஷாவுக்கு முதலில் வருவது அந்தச் சிரிப்புதான். கடலோர ஊரான இனயத்தில் வள்ளம் கரையேறும் முன்னே ததேயுஸின் சிரிப்பு வீட்டுக்குக் கேட்டுவிடும். ரத்தப் புற்று வந்த பிறகும் அது குறையவில்லை. தினம் ஒரு மாத்திரை போட்டால் கடலுக்கே போகலாம் என்றிருந்தார் டாக்டர்.

அவர் ரத்தத்தில் வெறிபிடித்து ஆடியது ஒரு புரதம். மாத்திரை அதன் குழிக்குள் போய் அடைத்துக்கொண்டதால் அடங்கிக் கிடந்தது. பெங்களூரில் ஆராய்ச்சி செய்த ரெஜிஷா, அதே இனத்து இன்னொரு மனிதப் புரதத்தை ஒரு புது மருந்தோடு சேர்த்துப் படிகமாக வளர்க்கப் பார்த்தாள். படிகம் கிடைத்தால் எக்ஸ்-கதிர் பாய்ச்சி, மருந்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுவிடலாம். வருஷக்கணக்காக ஒன்றும் முளைக்கவில்லை. ஃபோனில் அப்பாவிடம் அழுதாள். படிகம் அவர் வாயில் ‘கல்லு’.

2010 தவக்காலத்தில் படிகம் வந்தேவிட்டது! ஊசி ஊசியாக, என்ன அழகு! குருத்தோலை ஞாயிறுக்கு ஊருக்கு ஓடி வந்தவள், மாதா சுரூபத்துக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்தாள்.

“ஒனக்க கல்லு வளரணும்ணு நேந்தேன் மக்களே,” என்றார் ததேயுஸ். “நோம்புக்கு எல்லாவனும் எறச்சியை விடுவான். எனக்கு மாத்திரைதானே உயிரு? அதை விட்டேன். வளந்துல்லா!”

அடப்பாவி மனுஷா! சோதித்தால் ரத்தத்தில் வெள்ளணுக்கள் எகிறியிருந்தன. மகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

“இப்போ போட்டா மாதா கல்லைத் திரும்ப எடுத்திருவா. நீ படிச்சு முடி, பெறகு பாப்போம்.”

அவள் படித்து முடிக்கும் வரை அவர் தாங்க மாட்டார்.

“அப்பா, அது கல்லு இல்ல,” என்றாள் ரெஜிஷா. “வெறும் உப்பு. நாந்தான் ஏமாந்துட்டேன்.”

உப்புப் படிகத்தைப் புரதம் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. அவள் ஏமாறவில்லை.

ததேயுஸின் முகம் வாடிப்போயிற்று. “அப்போ மாதாவுக்கு எனக்க நேர்ச்சை பிடிக்கல்ல,” என்று முனகி, அட்டையைப் பிரித்து ஒன்றை விழுங்கினார். “போட்டும் பிள்ளே. ஒனக்குக் கிடைக்கும்.”

மறு வருஷம் அந்தப் படிகத்திலிருந்து எடுத்த படம் ஆராய்ச்சி இதழில் அவள் பெயரோடு வெளிவந்தது. இனயத்துக்கு அவள் சொல்லவில்லை. தெரிந்தால் நேர்ச்சை பலித்ததென்று மனுஷன் மறுபடி மாத்திரையை விட்டுவிடுவார். பட்டம் வாங்கியபோதுகூட அதை வேறு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள் என்றாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அப்பாவின் ஃபோன் வரும்.

“கல்லு கிடைச்சுதா மக்களே?”

“இல்லப்பா.”

2016இல் நெஞ்சுவலியில் போனார். ரத்தப் புற்று அவரை ஒன்றும் செய்யவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா ரீத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள்: “ஒனக்கு அந்தக் கல்லு கிடைக்கல்லியேண்ணுதான் அவருக்குக் கடைசி மட்டும் சங்கடம்.”

ரெஜிஷா அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். “கிடைச்சுதும்மா, அப்பவே கிடைச்சுது.”