பழனி நடையும் மூன்று அட்டை மாத்திரையும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் திருப்பூரில் ஒரு பனியனை என் கையில் கொடுத்தால், அது என்ன துணி, எத்தனை முறை துவைத்தால் சுருங்கும், தைத்தவர் புதியவரா பழையவரா என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். தையல்காரனாக உட்கார்ந்த நான் இன்று நூற்றிருபது மிஷின் ஓடும் கம்பெனிக்கு முதலாளி. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. சம்பாதித்தவன் நான்தானே.

தைப்பூசத்துக்கு இருபத்தாறு வருடம் பழனிக்கு நடந்திருக்கிறேன். போன வருடம் இரண்டு முட்டியும் மாடிப்படி இறங்கவே மறுத்தன. என் வீட்டுக்காரி தடுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த வருசம் வேண்டாமுங்க."

"நான் நடக்கோணும்னு முடிவு பண்ணிட்டேன் அம்மணி. முட்டி கேக்கும்."

"முட்டி உங்க கம்பெனி ஆளு இல்லீங்களே, நீங்க சொன்னா ஓவர்டைம் பாக்கறதுக்கு."

நான் கேட்கவில்லை. எங்கள் தெரு மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல், முட்டி வலிக்கு நல்லதாக ஒன்று கொடு என்று கேட்டு ஓர் அட்டை மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் மதியம் வரை கேட்டது. சாயங்காலம் வலி திரும்பியது. கூட நடந்து வந்த எங்கள் கட்டிங் மாஸ்டர் தன் பையிலிருந்து வேறு ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது வேற கம்பெனிங்க மொதலாளி. எங்க மாமனாருக்கு இதுதான் கேட்டுது."

அதையும் போட்டேன். மறுநாள் தாராபுரத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பாதயாத்திரைக்காரர்களுக்குச் சும்மா மாத்திரை கொடுத்தார்கள். அது மூன்றாவது அட்டை. ஒரு மிஷினில் முடியாத வேலையை மூன்று மிஷினில் போட்டு முடித்து, லாரியை நேரத்துக்கு அனுப்புவது என் தொழில் பழக்கம். மாத்திரைக்கும் அதே கணக்கைப் போட்டேன். விரதம் என்று ஒரு வேளைதான் சாப்பாடு. வழியில் ஒதுங்க வேண்டியிருக்கும் என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். பல வருடமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினேன்.

தாராபுரம் தாண்டி நாலு மைல்கூட இருக்காது. வயிறு புரட்டி வாந்தி வந்தது. பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாஸ்டர் காரை வரவழைத்து என்னைத் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

அங்கே ஒரு டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிட்டதையெல்லாம் மேஜை மேல் வைக்கச் சொன்னார். மூன்று அட்டையையும் வைத்தேன். திருப்பிப் போட்டு, பின்பக்கம் பொடி எழுத்தைத் தொட்டுக் காட்டினார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் லேபிள் சரியாக இருக்கிறதா என்று ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். பெரிய எழுத்துப் பெயர் மூன்றும் வேறு. அடியில் இருந்த பொடி எழுத்து மூன்றிலும் ஒன்று: ஐபுபுரூஃபன்.

"ஒரே பனியனுக்கு மூணு லேபிள் வச்சுத் தச்சிருக்காங்களா?" என்றேன். நான் அந்த வேலையை எத்தனை வியாபாரிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

"அதேதானுங்க. நீங்க மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிட்டு வெயில்ல நடந்திருக்கீங்க. பிரஷர் மாத்திரை, பட்டினி, தண்ணியும் இல்ல. கிட்னி என்ன பண்ணும்?"

"சரியாயிடுமுங்களா?"

"இப்பச் சொல்ல மாட்டேனுங்க. இந்த மருந்தத் தொடாம இருங்க. பாக்கலாம்."

வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் ஒருவரை எனக்குத் தெரியும். வெளியூர் வியாபாரம், கம்பெனி, எல்லாம் அவருக்கு அந்தப் படுக்கையோடு முடிந்துவிட்டது. எனக்கும் அதுதானா என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

ஐந்து நாள் படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு டாக்டரம்மா சொன்னபடி நான் குடிக்கும் தண்ணீரையும் கழிக்கும் நீரையும் வீட்டுக்காரி அளந்து எழுதினாள். நூற்றிருபது மிஷினை மேய்ப்பவன் அவளிடம் ஒரு சொம்புத் தண்ணீருக்குக் கைகட்டி நின்றேன். இரண்டாம் வாரம் கிட்னி வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கியிருந்த கழிவின் அளவு கொஞ்சம் இறங்கியது. ஆறாம் வாரம் டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"தப்பிச்சுட்டீங்க."

"என் ஒடம்பு உருக்குங்க" என்றேன்.

"உருக்கெல்லாம் இல்லீங்க" என்றாள் வீட்டுக்காரி. "மொரண்டு."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, முட்டி வலிக்கு எனக்கென்று ஒரு வழி சொன்னார். வலி தாங்காத அன்றைக்குப் பாராசிட்டமால் 650 ஒன்று. அடுத்தது வேண்டுமானால் ஆறு மணி நேரம் கழித்து. ஒரு நாளில் மூன்றுக்கு மேல் கிடையாது. சளி, காய்ச்சல் மாத்திரையிலும் அதே மருந்து கலந்திருக்கும் என்பதால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். தடவுகிற ஜெல்கூட அவரைக் கேட்டுத்தான். எந்தக் கடையில் எதை வாங்கினாலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், கிட்னி ஒரு முறை அடிபட்டது என்று சொல்லியாக வேண்டும். நான் தயங்காமல் சொல்லுகிறேன். பின்னால் வரிசையில் நிற்பவரும் கேட்டுக்கொள்ளட்டும்.

மாத்திரையைவிட அவர் அதிகம் நம்பியது தொடையைத்தான்; தொடைச் சதை பலமானால் முட்டிக்குப் பாரம் குறையுமாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும், காலையும் மாலையும். முதல் வாரம் நாலு எண்ணுவதற்குள் கால் நடுங்கியது. இப்போது கம்பெனியில் தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே செய்கிறேன். அங்கே வேலை செய்யும் பெண்களில் முட்டி வலிக்காரிகள் மூன்று பேர் என்னோடு காலை நீட்டுகிறார்கள். முதலாளி எண்ணும்போது அவசரமாக எண்ணி ஏமாற்றுகிறார் என்று ஒரு புகார் இருக்கிறது.

வலி போயே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழை வரும் நாளில் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஆனால் நேற்று கட்டிங் நடக்கும் மேல்மாடிக்கு மாத்திரை எதுவும் போடாமல், கைப்பிடியைப் பிடித்து, பாதியில் ஒரு முறை நின்று ஏறினேன். மேலே போனதும் ஒரு முழுச் சொம்பு தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒதுங்க வேண்டி வந்தது. அது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.