ஏழாவது குழாயில் ஏறிய தண்ணீர்

தையல்காரருக்கு ஐந்து பெண்கள். நாலாவது பெண்ணை ஊரே குழாய்க்காரி என்றுதான் கூப்பிடும். காட்டுமலைச் சரிவில் பத்துக் குழாய்களைப் புதைத்து வைத்து, மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்பது அவள் உத்தியோகம். அளந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டால், பெய்த மழை மண்ணுக்குள் எந்த வழியாக, எத்தனை நாளில் இறங்கும் என்று அது ஒரு மலையையே வரைந்து காட்டும்.

மலையடியில் கடைசி வீடு மூத்த அக்காவுடையது. தாய் போனபின் இவளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அந்த அக்காதான்.

அந்த வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் ஏழாவது குழாய் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. மழை விட்டு நாலு நாள் வெயில் காய்ந்தபின், மற்ற ஒன்பதிலும் தண்ணீர் இறங்கும். அதில் மட்டும் ஏறும். கருவி கெட்டுப்போச்சு என்று இரண்டு வருஷமாக அந்த எண்ணை அழித்துவிட்டே கணக்குப் போட்டாள். கம்ப்யூட்டர் மலையும் சமர்த்தாக நின்றது.

ஒருநாள் மத்தியானம் அக்கா போன் பண்ணினாள்.

"ஏண்டி, வானத்துல பொட்டு மேகம் இல்ல, எங்க வீட்டுத் தரை வேர்க்குது. கதவும் சாத்த மாட்டேங்குது. உங்க அத்தான் காலையிலேருந்து கதவைச் சீவ இழைப்புளியோட மல்லுக்கட்டுறார்."

குழாய்க்காரி கம்ப்யூட்டரைத் திறந்தாள். அழித்த எண்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. எப்போதோ வெட்டிய பெருமரங்களின் வேர் மக்கி, மண்ணுக்குள் பொந்து பொந்தாக வழி விழுந்திருக்கிறது. உச்சியில் பெய்த மழை அதற்குள் நாலு நாள் நடந்து வந்து, அக்கா வீட்டுப் பின்சுவருக்கு மேலே குடியேறியிருக்கிறது.

ஓடினாள். வழியில் அந்த ஏழாவது குழாயில் காதை வைத்தாள். பூட்டிய அறைக்குள் நிறையப் பேர் குசுகுசுவென்று பேசுவதுபோல் கேட்டது.

அத்தான் சிரித்தார். "வாம்மா, மலைக்கு நாடி பிடிக்கிற டாக்டரே!"

"அத்தான், செருப்பைக்கூடத் தேடாதீங்க. கிளம்புங்க."

"மழையே இல்லாம மலை வருமா?"

"எவ்வளவு நேரம்டி இருக்கு?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா. ரெண்டு வருஷமா நான்தான் அந்தக் குழாயோட வாயைப் பொத்தி வச்சிருந்தேன்."

அக்கா சட்டென்று எழுந்தாள். புருஷன் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தாள்.

மூவரும் பாலம் தாண்டித் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல வெயில். காற்றில்லை, சத்தமில்லை. மரங்கள் ஒன்றும் சாயவில்லை. காலடி மண்ணோடு, நின்ற வாக்கிலேயே, ஒன்றையொன்று முந்தாமல், அந்த வீட்டைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தன.