படத்துக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, ஏனாத்தூர் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது கிராஃப் தாளால்தான். சேலை டிசைனைக் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைவது என் பழைய பிழைப்பு. ஒரு கட்டம் தப்பியிருக்குமோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்துக்குத்தான் இங்கே சம்பளம்.

முதலாளி சென்னைக்கார இன்ஜினியர், என்னைவிட இளையவர். ஒரு சோதனைப் பெட்டி கண்டுபிடித்திருந்தார். திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டை அதில் செருகினால், கார்டு ஒரு படம் வரையும். அதை நான் சரிபார்த்துக் கொடுத்த மாதிரிப் படத்தோடு பெட்டி புள்ளி புள்ளியாக ஒப்பிடும். எல்லாம் ஒத்துப்போனால் பச்சை விளக்கு. ஒரு புள்ளி மாறினாலும் சிவப்பு.

வெள்ளிக்கிழமை பெட்டியை வாங்க பெங்களூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வாங்காவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான் என்று அவரே சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை மாதிரிப் படத்தைக் கொடுத்தேன். புதன்கிழமை காலை சிவப்பு எரிந்தது. கார்டை மாற்றினார், சிவப்பு. உறை பிரிக்காத புதுக் கார்டு, அதற்கும் சிவப்பு.

“இன்னாக்கா இது, எல்லாக் கார்டும் கூட்டு சேர்ந்துக்கினு நம்மள கலாய்க்குதா?” என்றார்.

“நீங்க கை வெச்சா எது சார் உருப்பட்டிருக்குது?” என்றாள் புரோகிராம் எழுதுகிற பெண். சொல்லிவிட்டு, தன் புரோகிராமை இரண்டு முறை திருத்தி எழுதினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “சூடு ஏறியிருக்குமோ சார்?” என்றேன். டேபிள் ஃபேன் வந்தது, பிடித்துக்கொண்டு நின்றேன். “வோல்டேஜ் கம்மியா இருக்குமோ?” என்றேன். வயரெல்லாம் பிரித்துப் போட்டார். என் ஒவ்வொரு கவலைக்கும் அவருக்கு அரை நாள் போனது.

வியாழன் சாயந்திரம் மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வலது கீழ் மூலையில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி.

“சார், அது நான் வெச்சது.”

“இன்னாத்த வெச்சீங்க?”

“திருஷ்டிப் பொட்டு.”

புரோகிராம் பெண் மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

“படத்துக்கா, அக்கா?”

“நல்லா வந்திருந்துச்சு சார். கண்ணு பட்டுடுமேன்னு...”

“ரெண்டு நாளா ஃபேன புடிச்சிக்கினு நின்னீங்களே, அப்போ தோணலியா?”

“அப்போ கார்டு மேலதான் சார் சந்தேகம்.”

எங்கள் தெருவில் புது டிசைன் வரைந்து முடித்தால், தாளின் ஓரத்தில் மையால் ஒரு பொட்டு வைப்போம். ஓரம் தறிக்குப் போகாது. கம்ப்யூட்டர் படத்துக்கு அப்படி ஓரமே கிடையாது, கடைசிப் புள்ளியும் படம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பொட்டை எடுத்ததும் பச்சை எரிந்தது. அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் முன்னால் எல்லாக் கார்டுக்கும் பச்சை. வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா மட்டும் முகம் சுளித்தார். “எப்பவும் பச்சையே எரியுதே. பெட்டி நெஜமா பாக்குதா, இல்ல சும்மா விளக்குதானா?”

கைவசம் கெட்டுப்போன கார்டு ஒன்றுகூட இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். “அக்கா, அந்தப் பழைய படம்?”

முந்தின நாள் திருஷ்டிப் பொட்டை ஒரேயடியாக அழிக்க எனக்குக் கை வரவில்லை. பொட்டு இல்லாத படத்தை வேறு பெயரில் சேமித்துவிட்டு, பழையதை அப்படியே வைத்திருந்தேன். இப்போது அதைப் போட்டேன். சிவப்பு எரிந்தது.

அந்த அம்மா திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து புள்ளியைத் தேடினார். “இவ்ளோ சின்னத் தப்பு வெச்சுப் பாக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?”

“எங்க டெஸ்டிங் மேடத்துக்கு” என்றார் முதலாளி, சிரிக்காமல். புரோகிராம் பெண் தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல வெளியே ஓடினாள்.

பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது தினமும் காலையில் முதல் வேலை, பொட்டு வைத்த படத்தைப் போட்டுப் பார்ப்பது. சிவப்பு வந்தால்தான் அன்றைய பச்சையை நம்புவோம். ஒரு நாள் அதற்கும் பச்சை எரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் இப்போதைய கவலை.