மெற்றில்டா அக்கா தேர்ந்தெடுத்த கூடாரம்

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். பல் வைத்தியரின் முன்மேசையில் ஒரு முதியவருக்கு அடுத்த டெர்மினுக்கு வரவேண்டிய நாளை எழுதிக்கொண்டிருந்தேன். கைபேசியில் மெற்றில்டா அக்காவின் மகள் அனித்தாவின் பெயர் தெரிந்தது. வேலை நேரத்தில் அழைக்கிற பிள்ளை அல்ல அவள். எடுத்தேன். “அன்ரி, அம்மா காலமை எழும்பேல்லை” என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா எந்த நாளும் விடியுமுன் எழும்புகிறவர். அதனால், “ஏன், சுகமில்லையோ?” என்று கேட்டேன். “இனி எழும்பமாட்டா அன்ரி” என்றாள். அப்போதுதான் விளங்கியது. நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாக வைத்தியர் பிறகு சொன்னார்.

மெற்றில்டா அக்காவை உங்களில் பலர் ஹனோவரில் ட்ராம் ஓட்டுநரின் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். நீல மேற்சட்டையும் பின்னால் இறுக்கக் கட்டிய கொண்டையுமாக, தமிழ் முகம் ஏறினால் கண்ணாலேயே ஒரு வணக்கம் சொல்வார். சிலர் அவரைத் தமிழ்ப் பங்குக் கோவிலின் பாடற்குழுவில் கேட்டிருப்பீர்கள். மன்னாரில் பிறந்து, இங்கே வந்து, கணவரை இளவயதில் இழந்து, ஒரே மகளை வளர்த்து ஆளாக்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த மெற்றில்டா அக்கா முதுகில் பையும் கையில் இரண்டு தடிகளுமாக மலையேறுகிறவர். அவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எனக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, தினமும் நட என்று வைத்தியர் சொன்ன காலம். மாஷ் ஏரியைச் சுற்றித் தங்கையுடன் தொலைபேசியில் கதைத்தபடி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வேகமாக வந்த ஒருவர் என்னைக் கடக்கும்போது, “தங்கச்சி, கதைச்சுக்கொண்டு நடந்தா சீனி குறையாது, பில்தான் கூடும்” என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து நடந்தோம். அதற்குப் பிறகு ஏரி போதாமல் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி ஹார்ட்ஸ் மலைக்குப் போனோம்.

காலையில் போய் மாலையில் திரும்புவது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “மலை இப்பதான் கதைக்கத் தொடங்குது, நாங்கள் ரயிலுக்கு ஓடுறம்” என்பார். விடுதிகளில் தங்கலாம்தான். ஆனால் அவருடைய வேலை நேரம் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். அப்போது மலிவான அறைகள் போய்விட்டிருக்கும். ஒருநாள் ரயிலில், “நாங்கள் ஒரு கூடாரம் வாங்குவம்” என்றார். பகிடி என்று நினைத்தேன். இறங்குமுன்னே எந்தக் கடைக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டார்.

லண்டனில் இருக்கும் என் மைத்துனர் கூடாரங்களைப் பற்றி நீளமாக எழுதி அனுப்பினார். துணியின் தடிப்பு, கம்பியின் உலோகம், எத்தனை காற்றைத் தாங்கும் என்றெல்லாம். வாசித்து எனக்குத் தலை சுற்றியது. அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்களுக்கு மூண்டு கேள்விதான். தூக்க ஏலுமோ? கால் நீட்ட ஏலுமோ? மழைக்கை நிக்குமோ? நாலாவது கேள்வி கேட்டா விலை கூடும்.”

முதற் கேள்விக்கு விடை தேட அவர் கடைக்குப் போகவில்லை. பையில் நாலு கிலோ அரிசியைப் போட்டு ஏரியை ஒருமுறை சுற்றினார். மறுநாள் இரண்டு கிலோவுடன் சுற்றினார். என்னையும் சுற்ற வைத்தார். மலிவுக் கடையில் கிடைக்கும் கூடாரங்கள் நாலு கிலோவுக்குக் கிட்ட வரும். பாதி நிறையில் உள்ளவை எங்கள் மாதச் செலவைத் தின்றுவிடும். “நாலு கிலோ எண்டா மலைக்குப் போகமாட்டம். விலை கூடினதெண்டா கடைக்கே போகமாட்டம். நடுவிலை ஒண்டு இருக்கும், தேடுவம்” என்றார்.

நடுவில் ஒன்று இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மறக்காது. பெரிய கடையொன்றில் கூடாரங்களை விரித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்றில் இருவருக்கு உரியது என்று எழுதியிருந்தது. அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். “வாரும், பக்கத்திலை படும்” என்றார். கடைக்குள் சனம் போய்வந்துகொண்டிருந்தது. நான் கூச்சத்தில் நின்றேன். அவர் எழும்புவதாயில்லை. நானும் போய்ப் படுத்தேன். என் தோள் துணியில் முட்டியது, அவருடைய முழங்கை என் விலாவில் இருந்தது.

அக்கா எழுந்து வந்து விற்பனை செய்கிற பையனிடம் ஜெர்மனில் கேட்டார்: “இருவருக்கு என்கிறீர்களே, எந்த இருவருக்கு?” அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. “நீயும் உன் கூட்டாளியும் ஒருக்கால் படுத்துக் காட்டுங்கள்” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தானோ என்னவோ அவர்கள் இருவரும் படுத்தார்கள். உள்ளேயிருந்து, “நீங்கள் சொல்வது சரி” என்று ஒரு குரல் வந்தது. பிறகு அவன் பின்னறைக்குப் போய்ச் உருளையாகச் சுருட்டிய சிறிய கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்தான். போன வருடத்து மாதிரி, யாரும் விரும்பாத கடும் மஞ்சள் நிறம், அதனால் விலை குறைத்திருந்தார்கள். கம்பி கிடையாது. நாங்கள் ஊன்றி நடக்கும் தடிகளையே நட்டுவிட்டால் நிற்கும். அதனால்தான் நிறை குறைவு. அகலம் போதும். இரண்டு பக்கமும் வாசல். இரவில் எழும்பிப் போகிறவர் மற்றவரைத் தாண்டத் தேவையில்லை. அக்கா என் காதில், “எங்கடை வயசுக்கு இதுதான் நாலாவது கேள்வி” என்றார்.

வீட்டில் என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. “ரெண்டு பொம்பிளையள் இந்தத் துணிக்குள்ளை படுக்கவோ போறியள்? அக்கா, ஹோட்டலுக்குப் போங்கோ, நான் பதிஞ்சு தாறன்” என்றார். அக்கா வாதாடவில்லை. “தம்பி, உங்கடை தோட்டத்திலை ஒருக்கால் அடிச்சுப் பாப்பம். நீங்களே குழாயாலை தண்ணி அடிச்சுச் சோதியுங்கோ” என்றார்.

நகரத்துக்கு வெளியே நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சிறு தோட்டத்தில், போஞ்சிப் பந்தலுக்குப் பக்கத்தில் கூடாரத்தை நிறுத்தினோம். அக்கா உள்ளே போய்ச் சப்பணம் கட்டி இருந்தார். கணவர் குழாயைத் திறந்து விட்டார். தோற்கடிக்கிற ஆவலுடன்தான் அடித்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அமைதியான குரல் வந்தது: “தம்பி, தலைமாட்டுத் தையலாலை ஒழுகுது. நிப்பாட்டாதேங்கோ, எவ்விடம் எண்டு பாப்பம்.”

கணவர் வென்றுவிட்டார். ஆனால் அவருக்கு அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழாயை என்னிடம் தந்துவிட்டுத் தானும் உள்ளே போனார். தலை நனைந்தபடி இருவரும் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வகைக் கூடாரங்களில் தையலை வாங்குபவரே பசை பூசி அடைக்கவேண்டும் என்பதை அன்றிரவு அவர்தான் தேடி அறிந்தார். அடுத்த சனிக்கிழமை சிலிக்கோன் பசையும் சின்னத் தூரிகையுமாக ஒவ்வொரு தையலையும் அவரே பூசினார். “தம்பி தண்ணி அடிச்சபடியாத்தான் தப்பினம்” என்று அக்கா பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு என் கணவர் எங்களை ஒருமுறையும் தடுக்கவில்லை. வானிலை பார்த்துச் சொல்கிறவரும் அவர்தான்.

ஹார்ட்ஸில் ஓடைக்கரையிலுள்ள முகாமிடத்தில் எங்கள் முதல் இரவு. இருட்டியதும் காற்று எழும்பியது, மழை கொட்டியது. மலைக்கு அப்பால் இடி உருண்டது. அந்த ஓசையைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு படுத்தேன். எங்கள் நாட்டில் போர் நடந்து ஷெல் விழுந்த அந்த வருடங்களில் வளர்ந்த பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பல வருடங்களாக அந்தப் பயத்தை யாருக்கும் காட்டாமல் இருந்தேன். அந்தச் சின்ன இடத்தில் மறைக்க முடியவில்லை.

“பயமா இருக்கோ?” என்று அக்கா கேட்டார்.

“ஓம்.”

பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. “எனக்கும்தான்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை பயந்தா ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை. முறை வைப்பம். முதல் நான் முழிச்சிருக்கிறன், நீர் படும். பிறகு உம்மை எழுப்பிப்போட்டு நான் படுக்கிறன்.”

வாசலின் ஸிப்பைச் சரிபார்த்து, என் போர்வையை மேலே இழுத்துவிட்டு எழுந்திருந்தார். தலை கூரையில் தட்டாமல் குனிந்தபடி அவர் இருந்த உருவம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் நித்திரையானேன்.

கண் விழித்தபோது வெளியே வெயில். அக்கா புல்லில் இருந்து தேத்தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“ஏனக்கா என்னை எழுப்பேல்லை?”

“எழுப்ப மனம் வரேல்லை. உம்மடை முறை அப்பிடியே கிடக்கு. வைச்சிரும்.”

அதற்குப் பிறகு எத்தனையோ இரவுகள் வெளியே தங்கினோம். அந்த முறையை அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

செய்தி வந்த அன்று மாலை அனித்தாவின் வீட்டுக்குப் போனேன். சனம் வந்து போய் முடிந்தது. அவள் சோபாவின் நுனியில் நிமிர்ந்து இருந்தாள். அடக்க ஆராதனை, பாதிரியார், நிரப்பவேண்டிய அன்ட்ராக் படிவங்கள், யாருக்கு இன்னும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “கண்ணை மூடப் பயமா இருக்கு அன்ரி” என்றாள். “நீர் படும் பிள்ளை, நான் முழிச்சிருக்கிறன்” என்றேன். போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டு, கதிரையைப் பக்கத்தில் போட்டு இருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு அவளுடைய மூச்சு சீரானது.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான். இன்னொருவர் பயப்படும் நேரத்தில் விழித்திருக்க எனக்குத் தெரியும். அதை அவர்தான் எனக்குத் தந்தார். விடியும்வரை அவளை நான் எழுப்பவில்லை.