பதினொரு கொப்பிகளில் வெட்டிய வரி

விஞ்ஞான அறையில் இருந்த போத்தல்களில் எல்லாம் இங்கிலீசில் பெயர் எழுதியிருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று, இங்கே பியோன் வேலைக்கு வந்த எனக்கு அந்த எழுத்து பிடிபடாது. நிறத்தையும் மூடியையும் அடையாளம் வைத்துத்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் இரண்டு போத்தல்களை மாற்றி வைத்துவிட்டேன். யோகமலர் டீச்சர் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் அறையைத் திறந்தால் நாற்பது போத்தலிலும் தமிழ்ச் சீட்டு ஒட்டியிருந்தது. சனிக்கிழமை தனியாக வந்து ஒட்டியிருக்கிறார். தலைமையாசிரியர் பரமலிங்கம் கேட்டபோது, பிள்ளைகளுக்காக ஒட்டியதாகச் சொன்னார். என் பெயரை எடுக்கவே இல்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் அவர். இருபத்தாறு வயது. பதுளைக் குளிரே தாங்காது. எந்நேரமும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் விரும்பிப் படித்தது தாவரவியல். பௌதிகத்துக்கு ஆள் கிடைக்காததால் அதையும் அவர் தலையில் கட்டினார்கள். தான் அதை இங்கிலீசில் மனப்பாடம் பண்ணித்தான் பாஸானதாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

விஞ்ஞான வகுப்பு எங்களுக்குத் தற்காலிகமாகத்தான் கிடைத்திருந்தது. இரண்டு வருஷம் நடத்திப் பார்க்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற வித்தியாதரிசி வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். திருப்தி என்று எழுதினால் வகுப்பு நிலைக்கும், இல்லையென்றால் மூடப்படும். பதினொரு பிள்ளைகள். அதில் எட்டுப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். தமிழில் விஞ்ஞானம் படிக்க அவர்களுக்குப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது. மூடினால் பிள்ளைகள் தேயிலைக் கொழுந்துக்கூடையைத்தான் தூக்க வேண்டும். வெள்ளிதோறும் கோயிலுக்குப் போய் அந்தப் பதினொரு பேருக்காகவும் முருகனிடம் கேட்டு வந்தேன்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி வள்ளியம்மை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவரின் மகள். அதிகம் பேசமாட்டாள். முதல் வருஷம் ஒலியைப் பற்றிப் பாடம் நடந்தபோது எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். தோட்டத்தில் விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட, தேயிலை பெக்டரி வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடிப்பார்கள். மலைமேல் இருக்கும் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும். "பலமா அடிச்சா மேல் லயத்துக்குச் சத்தம் சீக்கிரம் வந்து சேருமா டீச்சர்?" என்றாள். மணியடிக்கிற நேரம். டீச்சர் புத்தகத்தை மூடிக்கொண்டே தலையாட்டி ஓம் என்றார். "பலமான ஒலி விரைவாகச் செல்லும்" என்று பதினொரு பேரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முருகனுக்குச் சீக்கிரம் கேட்கட்டும் என்று கோயிலில் உரக்கக் கூப்பிடுகிறவன் நான்.

வித்தியாதரிசி வருவதற்குப் பத்து நாள் முன்னால், டீச்சர் ஒரு தடித்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணை, நான் பிள்ளையளுக்குப் பிழையாப் படிப்பிச்சுப்போட்டன்."

பலமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் ஒலி ஒரே வேகத்தில்தான் போகுமாம். பலமாக அடித்தால் அதிக தூரம் கேட்கும், அவ்வளவுதான். தலைமையாசிரியர், யார் அதைக் கேட்கப் போகிறார்கள், பேசாமல் விடுங்கள் என்றார். டீச்சர் கேட்கவில்லை. வகுப்பில் நின்று, தான் சொன்னது பிழை என்று சொல்லி, பதினொரு கொப்பியிலும் அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டவைத்தார்.

பிள்ளைகள் வெட்டினார்கள், நம்பவில்லை. லிங்கம் என்ற பையன், பள்ளிக்கூடத்துப் புத்தகத்துக்கு எங்கள் தோட்டத்து மணியைத் தெரியாது என்று மெதுவாகச் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒப்புவிக்கச் சொன்னால் புதியதை ஒப்புவிப்பார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பழையது வந்துவிடும். வாய்ச் சொல்லால் இது போகாது, காட்டத்தான் வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்தார்.

எங்கள் மைதானத்திலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பெக்டரி தெரியும். தோட்டத்தில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு நான் அங்கே போய் நின்றேன். சம்மட்டி பிடித்த கையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தேன். துணி இறங்குவதைப் பார்த்ததும், சத்தம் வரும்வரைக்கும் நூலில் கட்டிய கல் எத்தனை தரம் ஆடுகிறது என்று பிள்ளைகள் எண்ண வேண்டும். ஐந்து தரம் பலமாக அடித்தேன். ஐந்து தரம் மெதுவாகத் தட்டினேன். பள்ளம் இறங்கி ஏறித் திரும்பினால், டீச்சர் ஒரு கல்லில் குந்தியிருந்தார். பிள்ளைகள் சந்தோஷமாக நின்றார்கள்.

"மெதுவா அடிச்சது வந்து சேரவே இல்லைங்க டீச்சர். பாதி வழியிலயே களைச்சுப் படுத்துருச்சு" என்றான் லிங்கம். என்னைப் பார்த்து, "ராமாமிர்தண்ணனுக்கு யாராச்சும் சோறு போடுங்க" என்றான்.

அடுத்த நாள் பள்ளத்துக்குள் பாதி தூரம் இறங்கி நின்று பார்த்தார்கள். இப்போது மெதுவான அடியும் கேட்டது. ஆனால் கல் ஒரு தரம் ஆடி முடிவதற்குள் சத்தம் வந்துவிட்டது. அரை ஆட்டம் என்றான் ஒருவன், முக்கால் என்றான் இன்னொருவன். பலமான அடிக்கு எல்லோரும் குறைத்து எண்ணினார்கள். வள்ளியம்மை மட்டும் இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தது என்றாள். பொய் சொல்கிறாள், டீச்சருக்கு ஐஸ் வைக்கிறாள் என்று கேலி செய்தார்கள்.

மூன்றாம் நாள் டீச்சர், அலை இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்று காட்ட, தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் சின்னக் கல்லும் பெரிய கல்லும் போட்டார். பெரிய கல்லின் வளையம் முந்திக்கொண்டு கரைக்கு வந்தது. தண்ணீருக்குக் கணக்கு வேறு என்றார் டீச்சர். யார் கேட்டார்கள்? அன்று மழையிலே நனைந்துகொண்டே தொட்டியடியில் நின்றார். நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்க் கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிட்டதாக நான் காணவில்லை. கொடுத்த தேத்தண்ணீர் மேசையில் ஆறிக் கிடக்கும். கரும்பலகையில் எதையோ எழுதுவார், அழிப்பார். முருகா, இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு என்று வேண்டிக்கொண்டேன். அன்று உரக்கக் கூப்பிட மனம் வரவில்லை.

வித்தியாதரிசி சொன்ன நாளுக்கே வந்தார். அவருக்கு நாற்காலி போட்டு நான் வாசலோரம் நின்றேன். முன்னால் இருந்த கொப்பியை எடுத்தார். சிவப்பு வெட்டு கண்ணில் பட்டது. இன்னொன்றை எடுத்தார், அதிலும் வெட்டு. பதினொன்றையும் பார்த்துவிட்டு, சரி, அதையே கேட்போம் என்றார். தலைமையாசிரியர் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார்.

முதல் நாலைந்து பேர் புதியதை ஒப்புவித்தார்கள். ஏன் என்று கேட்டதும் தடுமாறி, பலமானதுதான் சீக்கிரம் வரும் சார் என்று முடித்தார்கள். லிங்கம் பாதி வழியில் நின்ற சத்தத்தைச் சொன்னான். கடைசியாக வள்ளியம்மை எழுந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் வரும் சார்."

"ஏன்?"

"எங்க கோயில்ல திருவிழாவுக்கு மேளம் அடிப்பாங்க சார். மெதுவா மூணு அடி, பலமா ஒரு அடி. கோயில்கிட்ட நின்னாலும் மேல் லயத்துல நின்னாலும் அதே வரிசையிலதான் கேக்குது. பலமான அடி வேகமா ஓடுனா முன்னால போன மூணையும் முந்திரும்ல. மேல வர்றப்ப மேளமே கொழம்பி..."

வித்தியாதரிசி கையை உயர்த்தினார். விஞ்ஞானம் கேட்டால் கோயில் மேளம் சொல்கிறாய் என்றார். பையன்கள் சிரித்தார்கள். வள்ளியம்மை டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பிள்ளையும் சறுக்கிவிட்டதே என்றுதான் நானும் நினைத்தேன். வித்தியாதரிசி பேனாவைத் திறந்து எழுதினார்.

அடுத்த மாதமே வகுப்பை மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. டீச்சருக்கு மாற்றல் கடிதமும் கூடவே வந்தது. அந்த வாரத்துக்குள் வள்ளியம்மையின் பெயரை அவளுடைய அப்பா தோட்டத்தில் பதிந்துவிட்டார். கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். டீச்சர் லயத்துக்குப் போக இரண்டு தரம் புறப்பட்டார். இரண்டு தரமும் பாலத்தோடு திரும்பிவிட்டார்.

ரெயிலடிக்கு அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். வேறு யாரும் வரவில்லை. உங்களுக்கு ஒரு குறையும் வராது, முருகன் இருக்கிறார் என்றேன். கேட்டதாகத் தெரியவில்லை. வண்டி அசையப் போகிற நேரம் ஜன்னலால் குனிந்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, வள்ளியம்மை சொன்னது சரி. அவள் சொல்லேக்கை எனக்கே விளங்கேல்லை. விளங்கியிருந்தா வாய் திறந்து சொல்லியிருப்பன். அண்டைக்குப் பின்னேரம் வீட்டை நடந்து போகேக்கைதான் விளங்கினது. அதுக்குள்ளை அவர் எழுதிப்போட்டார். இதை நீங்கள் அவளிட்டைச் சொல்லுங்கோ. அவளின்ரை முகத்திலை முழிக்க எனக்கு ஏலாமக் கிடக்கு."